லாரிக் கண்ணாடியில உங்க முகம் தெரியுதா?

ஒரு சின்னக் கேள்வி ஃபிரெண்ட்ஸ். ப்ளஸ் ஒன் படிக்கும்போது கவர்மென்ட் குடுத்தாங்களே ஒரு சைக்கிள்... அது இப்ப எங்க இருக்கு?

வீட்டுக்குப் பின்னாடி வேப்ப மரத்துல சாஞ்சு கிடக்கா? கேரியர்ல பாட்டி வெங்காயம் காயப் போட்டிருக்காங்களா? இல்ல, ஆட்டுக்குட்டியைக் கட்டறதுக்குத் தோதா இருக்குன்னு அப்படியே விட்டுட்டாங்களா? 2001-02ல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்காக ஆரம்பிச்ச திட்டம் அது. சில வருஷத்துலயே அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகள்ல படிக்கிற எல்லாருக்கும்னு விரிஞ்சது. மழை, வெயில் பார்க்காம ரெண்டு வருஷம் உங்களைச் சுமந்த வண்டி, காலேஜ் அட்மிஷன் கிடைச்ச அன்னிக்கே ரிட்டயர்டு ஆயிடுது. பென்ஷன் கூடக் கிடையாது, பாவம்!

ஏன்னு கேட்டா நம்ம பசங்க ரெண்டு காரணம் சொல்றாங்க. முதல் காரணம் கெத்து. 'காலேஜுக்குப் போய் சைக்கிளா பாஸ்?' இதுக்கு நான் பதில் சொல்லப் போறதில்ல. பெட்ரோலுக்கு அப்பாகிட்ட கை நீட்டறது கெத்தா, இல்லையாங்கறது உங்க மனசாட்சிக்கும் உங்க அப்பாவுக்கும் உள்ள விவகாரம்.

ரெண்டாவது காரணம்தான் நிஜமான காரணம். "அம்மா விடமாட்டேங்கறாங்க. ரோடு பூரா லாரி."

அம்மா சொல்றதுல தப்பில்ல. 2022-ம் வருஷம் மட்டும் தமிழ்நாட்டு ரோடுகள்ல 64,105 விபத்துகள். செத்துப் போனவங்க 17,884 பேர். விபத்து எண்ணிக்கையில அந்த வருஷம் இந்தியாவிலேயே நாமதான் முதலிடம். இதுக்கெல்லாம் கப் குடுக்க மாட்டாங்க.

அதுவும் நாமக்கல்ல இருந்துக்கிட்டு லாரியைத் திட்டவும் முடியாது. ஊரைச் சுத்தி பாடி கட்டற பட்டறைகள், கேஸ் டேங்கர்கள், முட்டை வண்டிகள், அந்தப் பக்கம் திருச்செங்கோடு போனா ரிக் வண்டிகள். உங்க கிளாஸ்ல 'அப்பாவோ, மாமாவோ, சித்தப்பாவோ லாரித் தொழில்ல இருக்கறவங்க கையைத் தூக்குங்க'ன்னு சொல்லிப் பாருங்க. பாதி கை மேல போகும். லாரி ஓடலைன்னா பல வீட்டுல அடுப்பு எரியாது.

அதனால லாரியைத் திட்டறதை விட்டுட்டு, மத்த ஊர் சைக்கிள்காரங்களுக்கு லேசுல கிடைக்காத ஒரு சான்ஸை நாம யூஸ் பண்ணலாம். லாரிக்குள்ள ஏறிப் பார்க்கலாம்!

நான் ஏறிப் பார்த்தேன். தெரிஞ்சவங்க பட்டறையில பாடி கட்டி முடிச்சு, பெயின்ட் காயறதுக்காக நின்னுக்கிட்டு இருந்த பன்னெண்டு சக்கர வண்டி. டிரைவர் சீட்ல உக்காந்துக்கிட்டேன். அங்க வேலை பார்க்கற ஒரு தம்பியை சைக்கிளோட இடது பக்கம், கதவை ஒட்டி நிக்கச் சொன்னேன். கண்ணாடியைப் பார்த்தா ஆளைக் காணோம். "டேய் தம்பி, எங்கடா போனே?"ன்னு கத்தினேன். "இங்கதாண்ணா நிக்கறேன்"னு குரல் மட்டும் வருது. ஆளு, சைக்கிள், மணி எல்லாமே கதவுக்குக் கீழ மறைஞ்சு போச்சு. சரின்னு வண்டிக்கு நேர் முன்னாடி, பம்பரை ஒட்டி வரச் சொன்னேன். தலைமுடி கொஞ்சம் தெரிஞ்சது, அவ்வளவுதான். பின்னாடி போகச் சொன்னா சுத்தமா இல்ல.

கீழ நின்னுக்கிட்டிருந்த வயசான டிரைவர் ஒருத்தர் சிரிச்சார். "ஏந்தம்பி, நாங்க வேணும்னா ஏத்தறோம்? அந்தப் பக்கம் வந்து நின்னா எங்களுக்கு எப்படிங்க தெரியும்? முன்ன எல்லாம் கிளீனர் பையன் இருப்பான். தலையை வெளிய நீட்டி ரைட்டு ரைட்டும்பான். இப்ப பாதி வண்டிக்கு ஆளே இல்லீங்களே" என்றார்.

இது எனக்கு அதுவரைக்கும் தோணவே இல்ல. நம்ம ஊர்ல டிரைவர் வலது பக்கம் உக்கார்றார். சைக்கிள் போறது ரோட்டோட இடது ஓரம். அப்ப லாரியோட இடது கண் யாரு? அந்த கிளீனர்தான். அவர் இல்லாத வண்டிக்கு இடது கண் கிடையாதுன்னு வெச்சுக்கங்க.

அங்கேயே இன்னொண்ணும் புரிஞ்சுது. நீளமான வண்டி இடது பக்கம் திரும்பறப்ப முன் சக்கரம் போன தடத்துல பின் சக்கரம் போகாது. உள்பக்கமா வெட்டிக்கிட்டு, ஓரத்தை உரசிக்கிட்டு வரும். சிக்னல்லயோ முக்குலயோ லாரி நிக்குது, பக்கத்துல ஒரு சந்து மாதிரி இடம் இருக்கு, 'நைஸா முன்னாடி போயிடலாம்'னு சைக்கிள் நுழையுது பாருங்க, அந்த இடம் நமக்காக விட்ட இடம் இல்ல. பின் சக்கரம் வரப்போற இடம்!

மனசுல வெச்சுக்க ஒரு சிம்பிள் டெஸ்ட்: லாரியோட சைடு கண்ணாடியில டிரைவர் முகம் உங்களுக்குத் தெரியுதா? தெரியலைன்னா, அவருக்கு நீங்க அந்த ரோட்லயே இல்ல. அப்ப ரெண்டு விநாடி பின்னாடியே நில்லுங்க. அவர் திரும்பிப் போகட்டும்.

ஹெல்மெட் பத்தி ஏன் பேசலைன்னு கேப்பீங்க. போடுங்க, நல்லதுதான். கீழ விழுந்தா தலை தப்பும். ஆனா ஹெல்மெட் லாரியை நிறுத்தாது. லாரி வராத ரோடா பார்த்துப் போறது அதைவிடப் பெரிய ஹெல்மெட்.

இப்ப ரூட்டுக்கு வருவோம். நம்ம ஊர் அமைப்பைக் கொஞ்சம் பாருங்க. நடுவுல ஒத்தைக் கல்லா மலைக்கோட்டை, பக்கத்துல கமலாலயக் குளம், அதைச் சுத்திக் கோயில், கடைத்தெரு. அங்க இருந்து சேலம், சேந்தமங்கலம், துறையூர், திருச்சி, மோகனூர், பரமத்தின்னு ரோடு ரோடா பிரிஞ்சு போகுது. சக்கரத்துக்கு ஸ்போக்ஸ் கம்பி மாதிரி. பெரிய வண்டியெல்லாம் ஓடறது இந்தக் கம்பிகள்லதான். நாம பழக்க தோஷத்துல பஸ் போற வழியிலயே சைக்கிளையும் விடறோம். பஸ்ஸுக்கு வேற வழி இல்ல, அதனால போகுது. சைக்கிளுக்கு என்ன தலையெழுத்து? ஒரு கம்பிக்கும் அடுத்த கம்பிக்கும் நடுவுல காலனி ரோடு, தோட்டத்து ரோடு, ஏரிக்கரை ரோடுன்னு எத்தனை இருக்கு! ஒரு கிலோமீட்டர் கூடப் போகும். பொறுமையா மிதிச்சாக் கூட அஞ்சு கிலோமீட்டருக்கு இருபது நிமிஷம், அந்த ஒரு கிலோமீட்டருக்கு நாலு நிமிஷம். காலைல அலாரத்தை ஸ்னூஸ் பண்ற நேரத்தைவிடக் கம்மி.

மெயின் ரோட்லதான் போயாகணும்னா, ரோட்டு விளிம்புல மண்ணும் ஜல்லியுமா இருக்கற இடத்துல ஓட்டாதீங்க. அங்கதான் டயர் வழுக்கும். விளிம்புல இருந்து ஒரு கை நீளம் உள்ள தள்ளி, நேர்கோட்டுல போங்க. ஓரமா நிக்கிற லாரியைத் தாண்டும்போது ஒரு கதவு அகலம் இடம் விடுங்க. டிரைவர் தூங்கி எழுந்து பொத்துனு கதவைத் திறப்பார். காலேஜ் நேரத்துல லாரியைவிட மஞ்சள் பஸ்ஸுகளுக்குப் பயப்படுங்க, அவங்களுக்கும் ஃபர்ஸ்ட் பெல் இருக்கு. அப்புறம் பைபாஸ். ஸ்ரீநகர்ல கிளம்பி கன்னியாகுமரி வரைக்கும் போற ரோடு அது. நடுவுல சென்டர் மீடியன் சந்துல சைக்கிளைத் தூக்கிப் போட்டுத் தாண்டறதும், யு டர்ன் தூரம்னு ராங் சைடுல வர்றதும் வேண்டவே வேண்டாம். பாலத்துக்கு அடியில வழி இருந்தா சுத்திக்கிட்டு வாங்க.

2024 கடைசியில வெளியூர் பஸ்ஸுகளுக்கு முதலைப்பட்டியில புது பஸ் ஸ்டாண்ட் வந்ததுல இருந்து இந்தப் பேச்சு இன்னும் அவசியமாயிடுச்சு. அங்க இறங்கி ஊருக்குள்ள வர இன்னொரு பஸ்ஸுக்குக் காத்திருக்கணும். சைக்கிளுக்குன்னே அளவெடுத்துத் தைச்ச மாதிரி தூரம். ஆனா வழி லாரி வழி. பாதுகாப்பா ஒரு உள்வழி கண்டுபிடிச்சவங்க யாராவது இருந்தா, ப்ளீஸ், ரகசியமா வெச்சுக்காதீங்க.

லேப் முடிஞ்சு கிளம்ப ஆறரை ஆயிடுதா? இருட்டுக்கு ஒரு நாமக்கல் வைத்தியம் இருக்கு. லாரிக்கு ஒட்டற ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் தெரியுமில்ல, முன்னாடி வெள்ளை, பக்கவாட்டுல மஞ்சள், பின்னாடி சிவப்பு? நம்ம ஊர்ல லாரி சாமான் கடைல கிடைக்கும். பட்டறைல மிச்சம் மீதி வெட்டிப் போட்டதே சைக்கிளுக்குப் போதும். அதே கலர் கணக்குல சிவப்பைப் பின் மட்கார்டுல ஒட்டுங்க, வெள்ளையை ஹேண்டில் பார்ல, மஞ்சளை பெடல் ரெண்டுலயும். பெடல் மேலயும் கீழயும் ஆடறதால பின்னாடி வர்றவருக்கு 'மிதிக்கிற ஆளு'ன்னு சட்டுனு புரியும். கரும்பு சீசன்ல மோகனூர் பக்கம் சாயங்காலம் போறவங்க மட்டும் இன்னும் கொஞ்சம் கவனம். சர்க்கரை ஆலைக்குப் போற டிராக்டர்ல பின்னாடி லைட் எரியும்னு நம்பிப் போகாதீங்க. கரும்பு சோகை மூஞ்சில அடிக்கறப்பதான் முன்னாடி வண்டி இருக்கறதே தெரியும்.

இதெல்லாம் ஒரு ஆளு பண்றது. ஒரு ஆளா இதுக்கு மேல பண்ண முடியாது. அதுக்கு நாம திருச்சியைத் தாண்டி புதுக்கோட்டை வரைக்கும் போகணும். கூடவே முப்பது வருஷத்துக்கு மேல பின்னாடியும் போகணும்.

1990-களோட தொடக்கத்துல புதுக்கோட்டை மாவட்டத்துல அறிவொளி இயக்கம் நடந்தது. பெரியவங்களுக்கு எழுத்தறிவு குடுக்கற இயக்கம். அப்ப கலெக்டரா இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். படிப்போட சேர்த்து பெண்களுக்கு சைக்கிள் ஓட்டவும் கத்துக் குடுத்தாங்க. வயல் வேலைக்குப் போறவங்க, கல் குவாரில உடைக்கிறவங்க, டீச்சருங்க, அங்கன்வாடி ஊழியர்கள்னு ஆயிரக்கணக்குல வந்து கத்துக்கிட்டாங்க. 1992 மகளிர் தினத்தன்னிக்கு 1,500-க்கும் மேல பெண்கள் கொடியைக் கட்டிக்கிட்டு, மணி அடிச்சுக்கிட்டு புதுக்கோட்டை டவுனுக்குள்ள வந்தாங்க. பத்திரிகையாளர் பி. சாய்நாத் அங்க போய்ப் பார்த்து எழுதியிருக்கார். அதுல எனக்குப் பிடிச்ச விஷயம்: லேடீஸ் சைக்கிள் போதுமான அளவு கிடைக்கலை, சரி ஜென்ட்ஸ் சைக்கிள் குடுங்கன்னு வாங்கி ஓட்டினாங்க. போகப் போக, நிறையப் பேருக்கு அதுதான் பிடிச்சுது. ஏன்னா அந்த பார் கம்பியில குழந்தையை உக்கார வெச்சுக்கலாம்!

ஆரம்பத்துல அவங்களைக் கேலி பண்ணாத ஆள் இல்ல. அசிங்கமான கமென்ட் எல்லாம் அடிச்சிருக்காங்க. தனியா ஒரு பொண்ணு ஓட்டினா கமென்ட் அடிக்கலாம். ஐம்பது பேர் வரிசையா வந்தா வழி விட்டுத்தானே ஆகணும்?

இதுக்குக் கணக்கும் இருக்கு. பீட்டர் ஜேக்கப்சன்னு அமெரிக்காக்காரர் ஒருத்தர் 2003ல ஒரு ஆய்வுக் கட்டுரை எழுதினார். கலிஃபோர்னியா நகரங்கள், டென்மார்க், நெதர்லாந்துன்னு பல இடத்துப் புள்ளிவிவரத்தை எடுத்துப் போட்டுப் பார்த்தார். சைக்கிள் ஓட்டறவங்க ரெண்டு மடங்கு ஆனா, அடிபடறவங்க ரெண்டு மடங்கு ஆகலை. ஒவ்வொருத்தருக்கும் இருக்கற ஆபத்து கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு குறையுதுன்னு கணக்கு சொல்லுச்சு. அடிக்கடி சைக்கிளைப் பார்க்கற டிரைவர் சைக்கிளை எதிர்பார்த்தே ஓட்டறார்ங்கறது அவர் வாதம். கூட்டம் கூடினதால ரோடு நல்லாச்சா, ரோடு நல்லா இருந்ததால கூட்டம் கூடிச்சாங்கற பட்டிமன்றம் தனியா ஓடுது. சாலமன் பாப்பையா வந்தாத்தான் தீர்ப்பு!

நமக்கு 1,500 பேர் வேண்டாம். உங்க ஏரியாவுல இருந்து உங்க காலேஜுக்குப் போறவங்க நாலு பேர் இருப்பாங்க. ஒரே நேரம், ஒரே வழி, ஒருத்தர் பின்னாடி ஒருத்தர். ஜோடி போட்டுப் பேசிக்கிட்டுப் போறது உள்ரோட்டுல மட்டும். பொண்ணுங்க வீட்டுல, 'தனியாப் போகலைம்மா, நாலு பேரு'ன்னு சொன்னா பேச்சே வேற மாதிரி இருக்கும். பஞ்சர் ஆனா தள்ளிக்கிட்டு வர ஆள் இருக்கு. ஒருத்தர் வரலைன்னா ஏன் வரலைன்னு கேக்கவும் ஆள் இருக்கு.

நாலு பேர் இருந்தா இன்னொண்ணும் நடக்கும். எந்த வளைவுல லைட் எரியலை, எந்த முக்குல குழி, எங்க லாரி வெட்டித் திரும்புதுன்னு உங்களுக்குத் தெரிஞ்ச அளவுக்கு எந்த அதிகாரிக்கும் தெரியாது. நாமக்கல் 2024ல மாநகராட்சியே ஆயிடுச்சு. கலெக்டர் ஆபீஸ்ல திங்கக்கிழமை குறைதீர்க்கும் நாள் நடக்குது. 'ரோடு சரியில்லை'ன்னு மொட்டையா எழுதாம, கம்பத்து நம்பரோட, நாலு கையெழுத்தோட ஒரு மனு குடுத்துப் பாருங்க. நெதர்லாந்துல கூட சைக்கிள் பாதை வானத்துல இருந்து விழலை. 1971ல் மட்டும் அங்க ரோட்ல சுமார் 3,300 பேர் செத்தாங்க, அதுல 400-க்கும் மேல குழந்தைங்க. பெத்தவங்க ரோட்டுக்கு வந்து மறிச்சுக் கேட்டதுக்கு அப்புறம்தான் நிலைமை மாற ஆரம்பிச்சுது.

உங்களுக்கு இந்த வாரம் ஹோம் வொர்க்: ஒரு வெள்ளைத்தாள்ல உங்க வீட்டுல இருந்து காலேஜ் வரைக்கும் லாரி வராத வழியை வரைஞ்சு எனக்கு அனுப்புங்க. டீக்கடை, நாய் துரத்தற வீடு, பஞ்சர் கடை எல்லாத்தையும் குறிங்க. அதுக்கு முன்னாடி, வேப்ப மரத்தடியில இருக்கற வண்டியை வெளிய எடுத்துக் காத்து அடிச்சுப் பாருங்க. நிக்கலைன்னா பயப்படாதீங்க, வால்டியூப் போயிருக்கும்.