உண்மைக்கு ஓர் ஆணைக்குழு

பொய் பரப்புபவனைத் தண்டிக்கவேண்டாம் என்று எவரும் வாதாடப் போவதில்லை. ஒரு வதந்தியின் பேரால் கடைகள் எரிந்ததையும் பள்ளிவாசல்கள் உடைக்கப்பட்டதையும் கண்ட நாடு இது. ஆகவே, இணையத்தில் பரவும் பொய்யையும் பகைமையையும் தடுக்கவே சட்டம் இயற்றுகிறோம் என்று ஆட்சியாளர் கூறும்போது, நம்மிற் பலர் தலையசைத்துவிடுகின்றனர். படித்தவர்களும் தலையசைக்கின்றனர், முற்போக்காளர் எனத் தம்மைக் கூறிக்கொள்வோரும் தலையசைக்கின்றனர். அந்தத் தலையசைப்பையே நாம் இங்கு கேள்விக்கு உட்படுத்த விரும்புகிறோம். பொய் எது, மெய் எது என்று தீர்மானிக்கும் உரிமையை நாம் யாரிடம் ஒப்படைக்கிறோம்?

2024 ஜனவரி 24 ஆம் திகதி நிகழ்நிலைக் காப்புச் சட்டமூலம் பாராளுமன்றத்தில் 108 வாக்குகள் சார்பாகவும் 62 வாக்குகள் எதிராகவும் பெற்று நிறைவேறியது. பெப்ரவரி 1 ஆம் திகதி சபாநாயகர் கையொப்பமிட, அது அவ்வாண்டின் 9 ஆம் இலக்கச் சட்டமாயிற்று. சாதாரண பெரும்பான்மையால் நிறைவேறவேண்டுமாயின் 31 பிரிவுகள் திருத்தப்படவேண்டும் என உயர் நீதிமன்றம் முன்னரே கூறியிருந்தது. அத்திருத்தங்கள் யாவும் உள்ளவாறே சேர்க்கப்படவில்லை என்பதை மனித உரிமைகள் ஆணைக்குழு சுட்டிக்காட்டியது. பொய்யைத் தண்டிக்க வந்த சட்டம் பிறந்த விதம் இது!

இச்சட்டம் ஐவர் கொண்ட ஓர் ஆணைக்குழுவை அமைக்கிறது. அரசியலமைப்புப் பேரவையின் அங்கீகாரத்துடன் அவர்களை நியமிப்பவர் சனாதிபதி. ஒரு கூற்றுப் பொய்யானது, தடைசெய்யப்பட்டது என்று இந்த ஐவரும் கருதினால், அதனை நீக்குமாறு எழுதியவருக்குப் பணிப்பு விடுக்கலாம். அவருக்குக் கிடைக்கும் அவகாசம் இருபத்துநான்கு மணித்தியாலம். தேசிய பாதுகாப்பு, பொது ஒழுங்கு என்பவற்றுக்கு அச்சுறுத்தலாகும் பொய்க் கூற்றுக்கு ஐந்தாண்டு வரை சிறை. தேசிய பாதுகாப்பு என்றால் என்ன? பொது ஒழுங்கு எங்கே குலைகிறது? வேலைநிறுத்தம் செய்யும் ஆசிரியர் பொது ஒழுங்கைக் குலைக்கிறார் என்று எத்தனை அமைச்சர்கள் கூறக் கேட்டிருக்கிறோம்! இத்தகைய சொற்கள் ரப்பரைப் போன்றவை. இழுப்பவன் கைக்கு ஏற்ப நீளும்.

நன்னம்பிக்கையுடன் கூறப்பட்ட கருத்துக்குச் சட்டத்தில் விலக்கு உண்டே எனச் சிலர் வாதிடுவர். உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஒருவருடைய நம்பிக்கை நல்லதா தீயதா என்று முதலில் எடைபோடுபவர் யார்? ஆணைக்குழுவும் பொலிஸ் நிலையமும் அல்லவா? நீதிமன்றம் விடுவிக்கலாம். ஆனால் அந்த விடுதலை வருவதற்குள் மனிதனுக்கு என்ன நேர்கிறது என்பதை நமது அண்மைக்கால வரலாறு காட்டுகிறது.

இச்சட்டம் வருமுன், வேறு சட்டங்களின் கீழ் நிகழ்ந்த மூன்று சம்பவங்களை எண்ணிப் பார்ப்போம்.

2019 ஏப்ரலில் சக்திக சத்குமார என்ற சிங்கள எழுத்தாளர் கைதுசெய்யப்பட்டார். அவர் செய்த குற்றம், முகநூலில் ஒரு சிறுகதையை வெளியிட்டமை. குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய 2007 ஆம் ஆண்டின் சட்டமே அவர்மீது ஏவப்பட்டது. பகைமைப் பேச்சிலிருந்து சிறுபான்மையினரைக் காக்கவென நாம் நம்பிய சட்டம், பிக்குமாரின் வாழ்வைத் தொட்ட ஒரு கதாசிரியனை ஏறத்தாழ நான்கு மாதங்கள் சிறையில் வைத்தது. வழக்கு 2021 இல் கைவிடப்பட்டது.

அதே 2019 இன் மே மாதம், ஹசலக்கவில் ஒரு முஸ்லிம் பெண் கைதானார். அவர் அணிந்திருந்த உடையில் இருந்தது கப்பலின் சுக்கான் சக்கரம். பொலிசாரின் கண்ணுக்கு அது தர்மச் சக்கரமாகத் தெரிந்தது. வாரக்கணக்கில் அவர் விளக்கமறியலில் இருந்தார்.

மூன்றாவது சம்பவம் இவ்விதழைப் படிக்கும் ஆசிரியர்களுக்கு மிக நெருக்கமானது. அஹ்னாப் ஜஸீம் தமிழ் கற்பித்த ஓர் இளம் ஆசிரியர், கவிஞர். ‘நவரசம்’ என்ற அவரது கவிதைத் தொகுதி 2017 இல் வெளிவந்தது. 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் அவர் பிடிக்கப்பட்டார். அவரது கவிதைகள் தீவிரவாதத்தைப் போதிக்கின்றன என்றனர். வன்முறையை மறுத்த கவிதைகளே பிழையாகப் பொருள்கொள்ளப்பட்டன என்று தமிழறிந்தோர் எடுத்துரைத்தனர். ஏறத்தாழ பத்தொன்பது மாதங்கள் அடைபட்டுக் கிடந்தபின் அவர் பிணையில் வந்தார். 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுவித்தது. கவிதையை வாசிக்கத் தெரியாதவர்கள் கவிஞனைச் சிறையிட்டனர். அந்தத் தவறை நீதி திருத்துவதற்கு மூன்றரை ஆண்டுகள் சென்றன.

கதையும் கவிதையும் சக்கரமும் அதிகாரத்தின் கண்ணுக்கு எப்படித் தோன்றின என்று கண்டோம். வாசிக்கத் தெரியாத இந்த அதிகாரத்தின் கையிற்றான் இன்று மெய் பொய் பிரிக்கும் முறம் கொடுக்கப்பட்டிருக்கிறது.

“அப்படியானால் 2018 மார்ச்சில் திகனயில் நடந்ததற்கு உங்கள் பதில் என்ன?” என நம்மைக் கேட்பர். நியாயமான கேள்வி. நாம் அதனைத் தட்டிக்கழிக்கவில்லை. முகநூலிற் பரவிய வெறுப்பு அந்த வன்செயலுக்கு எண்ணெய் வார்த்தது. சிங்களத்தில் எழுதப்பட்ட நஞ்சைக் கவனிக்க அந்நிறுவனம் தவறியது. 2020 மே மாதம் மன்னிப்பும் கோரியது. ஆனால், சட்டம் இல்லாமையாலா திகன எரிந்தது? 2007 ஆம் ஆண்டின் சட்டம் அன்றும் ஏட்டில் இருந்தது. 2014 இல் அளுத்கமையில் பகிரங்க மேடையிலேயே வெறுப்பு முழங்கியபோதும் இருந்தது. இல்லாதிருந்தது சட்டமன்று, பெரும்பான்மை வெறியைத் தட்டிக்கேட்கும் அரசியல் மனம். நிமலராஜன் 2000 இலும் சிவராம் 2005 இலும் லசந்த விக்கிரமதுங்க 2009 இலும் கொல்லப்பட்டனர். அக்கொலைகளைத் துலக்கவும் சட்டத்திற்குப் பஞ்சமிருக்கவில்லை.

வெறுப்பை விற்று இலாபமீட்டும் பன்னாட்டு முதலாளித்துவ நிறுவனங்களை நாம் ஆதரிக்கிறோம் என்று எவரும் எண்ணவேண்டாம். மனிதரின் கோபத்தையும் அச்சத்தையும் விளம்பரச் சரக்காக்குவதே அவற்றின் வியாபாரம். அந்த வியாபாரத்தைக் கட்டுப்படுத்துக. எந்தப் பதிவை எவ்வாறு முன்தள்ளுகிறீர்கள் என்று கணக்குக் கேட்க. எமது மொழிகளை அறிந்த ஊழியரை அமர்த்தக் கட்டாயப்படுத்துக. அத்தகைய கட்டுப்பாட்டை நாம் வரவேற்போம். ஆனால் கைவிலங்கு வந்து விழுவது முதலாளியின் கையிலன்று, எழுதுபவன் கையில்.

ஆட்சியாளர் உண்மையில் அஞ்சுவது பொய்க்கா? 2022 ஏப்ரல் 3 ஆம் திகதி, எரிவாயுவுக்கும் எரிபொருளுக்கும் வரிசையில் நின்று களைத்த மக்கள் வீதிக்கு இறங்கியபோது, பாதுகாப்பு அமைச்சின் வேண்டுகோளின்பேரில் சமூக ஊடகங்கள் ஏறத்தாழ பதினைந்து மணித்தியாலம் முடக்கப்பட்டன. அன்று மக்கள் பரப்பிய பொய் என்ன? சோற்றுப்பானை வெறுமையாயிருக்கிறது என்ற செய்தியா? முடக்கப்பட்டது மெய்யே.

பேச்சின் வாயை அடைப்பதோடு காரியம் முடிவதில்லை. பேசுபவனின் முகமும் அறியப்படவேண்டும். தபாலுறையைப் பிரித்துப் படித்த அதிகாரம் இன்று கைபேசியைப் பிரித்துப் படிக்கிறது. சோதனைச் சாவடிகளில் அடையாள அட்டையுடன் நின்ற தலைமுறைக்கு இதன் பொருளை நாம் விளக்கவேண்டியதில்லை. தனிநபர் தரவைப் பாதுகாக்கும் சட்டம் 2022 இல் இயற்றப்பட்டது. 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்த அதன் முதன்மையான பகுதிகள் பிற்போடப்பட்டன. ஆனால் இந்திய அரசின் நிதியுதவியுடன், விரல் ரேகை, கண், முகம் ஆகியவற்றைப் பதிவுசெய்யும் டிஜிட்டல் அடையாளத் திட்டமோ முன்தள்ளப்பட்டது. பூட்டு வருமுன்னர் பெட்டகம் நிரப்பப்படுகிறது. இதனைத் தற்செயல் என்று நம்ப நாம் தயாராயில்லை.

இறுதியாக, நமது அணியினரோடு ஒரு சொல். 2024 ஜனவரியில் இச்சட்டத்தை எதிர்த்து வாக்களித்தோர் அவ்வாண்டின் முடிவிற்குள் ஆட்சிக்கு வந்தனர். திருத்துவோம் என்றனர். சட்டம் நல்லவர் கைக்கு வந்துவிட்டதே, இனி என்ன அவசரம் என்று தோழர் சிலர் கேட்கின்றனர். இந்த ஆறுதல் ஆபத்தானது. 1979 இல் தற்காலிக ஏற்பாடு என்ற பெயரோடு வந்த பயங்கரவாதத் தடைச் சட்டம் 1982 இல் நிரந்தரமாக்கப்பட்டது. அதனைக் கொண்டுவந்த கட்சி போயிற்று; எதிர்த்த கட்சிகள் வந்தன; சட்டம் மட்டும் எல்லோருக்கும் ஊழியம் செய்தது. கத்தி எவர் உறையில் இருந்தாலும் கத்தியே. நமது நண்பர்கள் இடுப்பில் இருக்கும்போது அதனைக் களையச் சொல்லாதவர்கள், நாளை பகைவர் கையில் அது மின்னும்போது கூச்சலிட்டுப் பயனில்லை.

ஆகவே திருத்தம் என்ற ஒட்டுப்போடலை நாம் ஏற்கவில்லை. நிகழ்நிலைக் காப்புச் சட்டம் நீக்கப்படவேண்டும். தரவுப் பாதுகாப்பு அரசையும் கட்டுப்படுத்தும் வகையில் உடனே நடைமுறைக்கு வரவேண்டும். இனப்பகையைத் தூண்டுவோர், அவர் காவி உடுத்தாலும் சரி, பதவி வகித்தாலும் சரி, உள்ள சட்டத்தின் கீழ் திறந்த நீதிமன்றத்தில் விசாரிக்கப்படவேண்டும்.

பொய்க்கு மருந்து வாசிக்கத் தெரிந்த மக்களே. கேள்வி கேட்கும் மாணவனை உருவாக்கும் வகுப்பறை, எந்த ஆணைக்குழுவைவிடவும் நன்றாகப் பொய்யைச் சல்லடையிடும். அத்தகைய வகுப்பறையில் கற்பித்த ஒரு கவிஞனைத்தான் பிடித்துச் சென்றார்கள். அடுத்த தடவை அவர்கள் வரும்போது வாசலில் நாம் நிற்போமா, தலையசைத்துக்கொண்டு உள்ளே இருப்போமா?