வி.பி.என் போட்டும் திறக்கேல்லை

2022 ஏப்ரல் 3, ஊரடங்கு. பேஸ்புக், வட்ஸ்அப் உட்படப் பல தளங்களை அரசாங்கம் முடக்கியது. வி.பி.என் இருக்கும்போது இந்தத் தடையால் பயனில்லை, தானும் அதில்தான் வந்திருக்கிறேன் என்று அப்போதைய இளைஞர் விவகார அமைச்சர் நாமல் ராஜபக்சவே ட்விட்டரில் எழுதினார். நல்ல பகிடி.

கொக்குவிலில் என்ர ஃபோனில வி.பி.என் சும்மா சுத்திக்கொண்டு நின்றது. சேர்வரை மாத்தினன், ஃபோனை நிப்பாட்டிப் போட்டன். பிழை அங்க இல்லை. நான் போட்டிருந்தது மலிவான சமூக ஊடகப் பக்கேஜ். நாங்கள் எந்தத் தளத்துக்குப் போகிறோம் என்பதை வி.பி.என் மறைத்துவிடும், ஆகவே நெட்வேர்க் அதைச் சாதாரண டேட்டாவில்தான் கழிக்கும். என்னிடம் அது பூச்சியம். ரீலோட் போடக் கடையும் திறந்திருக்கவில்லை.

டேட்டா மிச்சமிருந்த ஆக்களுக்குத்தான் அமைச்சர் சொன்னது சரி. நாங்கள் பின்னேரம் தடை நீங்கினபிறகுதான் செய்தியே பார்த்தம்.