இரத்தம் காட்டாத சாட்சி

‘எங்கே செல்கிறாய், ஆயிதா?’ என்று பொருள்படும் ‘குவோ வாடிஸ், ஆயிதா?’ என்னும் திரைப்படம் 2020-இல் வெளிவந்தது. பொஸ்னிய முஸ்லிம்களின் துயரைச் சொல்லும் அதனை இயக்கியவர் சரயேவோவில் பிறந்த யாஸ்மிலா ஸ்பானிச் என்னும் பெண்மணி. அதனைக் கண்ட நம்மவருள் சிலர் இரு குறைகள் கூறுகின்றனர். எண்ணாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களும் சிறுவர்களும் மாண்ட படுகொலையை நேரே காட்டவில்லையே என்பது ஒன்று. கொடியவர்களையும் பிள்ளைகுட்டி பெற்ற மனிதர்களாகக் காட்டிவிட்டார்களே என்பது மற்றொன்று. இவ்விரண்டுமே அப்படத்தின் உயிர் என்பது நம் கட்சி.

1993 ஏப்ரலில் ஐ.நா. பாதுகாப்புச் சபை ஸ்ரெப்ரெனிட்சாவைப் பாதுகாப்புப் பகுதியென அறிவித்தது. 1995 ஜூலை 11 அன்று பொஸ்னிய செர்பியப் படையிடம் அவ்வூர் வீழ்ந்தது. பொத்தொசாரியிலிருந்த ஐ.நா. முகாமை நாடி ஓடிய மக்கள், நெதர்லாந்து வீரர்களின் கண்ணெதிரிலேயே ஆண் வேறு, பெண் வேறாகப் பிரிக்கப்பட்டனர். படத்தின் ஆயிதா அம்முகாமின் மொழிபெயர்ப்பாளர். போருக்கு முன் பள்ளி ஆசிரியை. கணவரையும் இரு மைந்தரையும் காக்க அவர் அலைவதே கதை. இறுதியில் ஆண்கள் ஒரு மண்டபத்தில் அடைக்கப்படுகின்றனர், துப்பாக்கிகள் நீள்கின்றன, காமிரா வெளியேறிவிடுகிறது. வெடியோசை மட்டுமே நம் காதில் விழுகிறது.

இது குறையா? கண்டதைச் சொல், காணாததைச் சொல்லாதே என்பதே சாட்சிக்கு மார்க்கச் சட்டம் வகுத்த இலக்கணம். அந்த அன்னையர் கண்டவை எவை? மகனின் கை தம் கையிலிருந்து பறிக்கப்பட்டதைக் கண்டார்கள். பல்லாண்டு கழித்து எலும்புகளைக் கண்டார்கள். அவற்றையும் முழுமையாகக் காணவில்லை. கொலைஞர்கள் குற்றத்தை மறைக்கப் புதைகுழிகளை இயந்திரங்களால் தோண்டி, உடல்களை வேறிடங்களில் புதைத்தமையால், ஒருவருடைய எலும்புகளே பல குழிகளில் கிடைத்தன. ஜனாஸாத் தொழுகைக்கே ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர்கள் அவர்கள். சாயத்தைக் கரைத்து இரத்தமென ஊற்றிக் காட்டுவது, அவர்கள் சொல்லாத சாட்சியத்தை அவர்கள் வாயில் திணிப்பதாகும்.

மண்டபக் காட்சி வெறுங் கற்பனையும் அன்று. 1995 ஜூலை 16 அன்று பிலிட்சா ஊரின் கலாசார மண்டபத்தில் ஏறத்தாழ 500 பேர் கொல்லப்பட்டனர். அவ்வேளையில் எதிரேயிருந்த காப்பிக்கடையில் படைவீரர் சிலர் அமர்ந்திருந்தனர் என்பது ஹேக் நீதிமன்றத்தில் பதிவான வாக்குமூலம். கொலைக்களமும் காப்பிக்கடையும் ஒரே தெருவில் இருந்தன. இதைக் காட்டாத படமே பொய்ப்படம்.

இரண்டாவது குறைக்கு வருவோம். 2023-இல் வெளிவந்த ‘த ஸோன் ஆஃப் இன்ட்ரஸ்ட்’ ஆஷ்விட்ஸ் முகாமின் தளபதி ஹோஸின் இல்லத்தைக் காட்டுகிறது. மதிலுக்கு இப்பால் பூந்தோட்டம், பிள்ளைகளின் நீச்சல் குளம், அப்பாலிருந்து ஓலம். அங்கு மாண்டோர் பெரும்பாலும் யூதர்களாயிற்றே, நமக்கென்ன என்பாருமுளர். பகைமையால் நீதி தவறலாகாது என்று ஓதியும் ஓதிக்கொடுத்தும் வரும் சமுதாயம் இவ்வாறு கேட்கலாமா? கொலைஞனை ஷைத்தான் என்று சொல்லிவிட்டால் நம் சினம் தணியலாம்; வழக்கு நிற்காது. ஷைத்தானை எந்த நீதிமன்றக் கூண்டில் ஏற்றுவது? மிலாடிச் மனிதனாதலாற்றான் 2017-இல் ஆயுள் தண்டனை பெற்றான். 2021-இல் அது உறுதியாயிற்று.

அரபியில் ஆயிதா என்றால் ‘திரும்பி வருபவள்’. அவர் திரும்பி வருகிறார். அவருடைய வீட்டில் வேறொரு தாயும் சிறுவனும் வாழ்கின்றனர். மீண்டும் ஆசிரியையாகிறார். பள்ளி விழாவில் பிள்ளைகள் கண்களைக் கைகளால் மூடித் திறக்கின்றனர். பார்வையாளரிடையே அன்றைய கொடுமையில் பங்குகொண்டவர்களும் பெற்றோராக அமர்ந்திருக்கின்றனர். எந்த இரத்தக் காட்சி இதைவிடக் கடுமையாகக் குற்றம் சாட்ட முடியும்?

இன்று நம் இல்லங்களில் கைப்பேசி வழியே சிதைந்த உடல்களின் படங்கள் ஓயாமல் வருகின்றன. உணர்ச்சி பெறட்டும் என்று பிள்ளைகளுக்கும் காட்டுகிறோம். அவர்களோ பார்த்துப் பார்த்து மரத்துப்போகின்றனர். பெற்றோரே, மாண்டவர்களின் பிணங்களைக் காட்டுவதை விடுத்து, அவர்கள் வாழ்ந்த வீட்டையும் படித்த பள்ளியையும் உண்ட உணவையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். இழந்தது இன்னதென்று அறிந்தவனே அதற்கு நீதி கேட்பான்.

வாய்மை வழுவாத சாட்சிகளாக நம்மையும் நம் மக்களையும் வல்ல அல்லாஹ் ஆக்கியருள்வானாக!