மளிகைக் கடை மாறவில்லை என்னும் குற்றச்சாட்டு

தமிழக நகரங்களின் தெருமுனை மளிகைக் கடைகள் வாடிக்கையாளரை இழந்து வருவதற்கு, அவை காலத்துக்கேற்ப மாறாததே காரணம் என்னும் கூற்று வணிகக் கருத்தரங்குகளில் பல ஆண்டுகளாகச் சலிப்பின்றி ஒலித்து வருகிறது. விடிவதற்கு முன் கடை திறந்து இரவு பத்து மணிக்குக் கணக்கு முடிப்பவரைச் சோம்பேறி என்று பழிக்கும் இக்கூற்று, மேடையில் பேசுவோருக்கு எளிதாக இருப்பதைத் தவிர வேறு தகுதி எதுவும் இல்லாதது.

கடைக்காரர் தொழில்நுட்பத்தை ஏற்கவில்லை என்பது முதல் வாதம். 2016-இல் அறிமுகமான யுபிஐ முறையின் கியூஆர் அட்டை இல்லாத கல்லாவை இன்று தேடித்தான் காண வேண்டும். வீட்டுக்குச் சரக்கு அனுப்புவதில்லை என்பது அடுத்தது. கடைப் பையன் சைக்கிளில் பலசரக்கைக் கொண்டுபோய் இறக்கிய வழக்கம் கைபேசிச் செயலிகளுக்கு மிகவும் முற்பட்டது.

கூடுதல் விலைக்கு விற்கிறார் என்னும் மூன்றாவது வாதமே உண்மையில் ஆராயத்தக்கது. சோப்பு, பிஸ்கட், பற்பசை போன்றவற்றைச் சிறுகடைக்காரர், உற்பத்தி நிறுவனம் நியமித்த விநியோகஸ்தரிடமே, அதாவது வழக்கில் ஏஜென்சி எனப்படுவோரிடமே, பெரும்பாலும் வாங்குகிறார். கொள்முதல் விலைக்கும் உறையில் அச்சிட்ட அதிகபட்ச சில்லறை விலைக்கும் இடைப்பட்ட தொகையே அவருடைய லாபம். அந்த லாபம் தங்கள் வழியாக 8 முதல் 12 விழுக்காடாகவும், பெருமுதலீட்டு மொத்த வணிக நிறுவனங்கள் வழியாக 15 முதல் 20 விழுக்காடாகவும் அமைகிறது என்று அகில இந்திய நுகர்வுப் பொருள் விநியோகஸ்தர் கூட்டமைப்பு 2021-இல் முறையிட்டது. ஒரே ஆலையின் ஒரே சோப்பு இரு வேறு விலைகளில் வெளியேறும்போது, விலை ஏற்றத்தாழ்வு கடையில் பிறக்கவில்லை, உற்பத்தியாளரின் விலைப்பட்டியலிலேயே பிறந்துவிடுகிறது. அதற்கான பழியை மட்டும் தெருமுனைக் கடைக்காரர் சுமக்கிறார். இதற்கும் மேலாக, சில நிமிடங்களில் பொருள் சேர்க்கும் விரைவு வணிக நிறுவனங்கள் முதலீட்டாளரின் பணத்தைக் கொண்டு அடக்க விலைக்கும் கீழே விற்பதாக அதே கூட்டமைப்பு 2024-இல் இந்தியப் போட்டி ஆணையத்திடம் புகார் அளித்தது. சொந்தச் சேமிப்பிலும் வட்டிக்கு வாங்கிய பணத்திலும் கடை நடத்துபவர் இத்தகைய நட்டத்தை ஒரு மாதம்கூடத் தாங்க இயலாது என்பதை, மாற்றத்தைப் போதிப்போர் ஒருமுறையேனும் கணக்கிட்டுப் பார்த்ததாகத் தெரியவில்லை.

பெருங்கடைச் சங்கிலிகளுக்குக் கிடைத்த தனிச் சலுகைகளால் சிறு மளிகைக் கடைகள் நசிந்ததைக் கண்ட அமெரிக்கா, 1936-இலேயே ராபின்சன்–பேட்மன் சட்டத்தை இயற்றி, போட்டியைக் குலைக்கும் வகையில் ஒரே சரக்கை வெவ்வேறு வணிகர்களுக்கு வெவ்வேறு விலையில் தருவதற்குத் தடை விதித்தது. இந்தியாவின் 2002-ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டமும் பாரபட்ச விலையையும், போட்டியாளரை வெளியேற்றுவதற்காக அடக்க விலைக்குக் கீழே விற்பதையும் தன் 4-ஆம் பிரிவில் குற்றமாகவே கருதுகிறது. ஆனால் விற்கும் நிறுவனம் சந்தையில் ஆதிக்க நிலையில் இருந்தால் மட்டுமே அப்பிரிவு பாயும் என்பதால், சந்தையைப் பங்கிட்டுக்கொண்ட சில பெரு நிறுவனங்களுள் எதன்மீதும் அதைச் செலுத்துவது கடினமாகிவிடுகிறது.