ராதாவின் பேச்சும் துப்பாக்கியும்

மானாம்பதி, உத்திரமேரூர் வட்டாரத்தில் பாரதக் கூத்து விடிய விடிய நடக்கும் இரவுகளில், கூத்தின் கோமாளியான கட்டியக்காரன் துரியோதன மகாராஜாவையே கேலி பேசுவான். ஊர்ப் பெரியவர்களையும் விடமாட்டான். கூத்து அவனுக்குக் கொடுத்த அந்த உரிமையை நாடகக் கொட்டகையில் எடுத்துக்கொண்டு மதத்தையும் சாதியையும் ஆட்சியையும் கேள்வி கேட்டவர் நடிகர் எம்.ஆர். ராதா. அவர் வாழ்க்கையை யார் படமாக்கினாலும், அதன் மையம் 1954ஆம் ஆண்டாக இருக்க வேண்டும், எம்.ஜி.ஆரை அவர் சுட்ட 1967 ஜனவரி 12 மையமாகிவிடக் கூடாது.

1954இல்தான் அவர் நடித்த ‘ரத்தக்கண்ணீர்’ திரைக்கு வந்தது. ராமாயணத்தைப் பகடி செய்த அவருடைய நாடகத்துக்கு எதிர்ப்பு மூண்டிருந்த அதே ஆண்டில், சென்னை மாநில அரசு நாடகங்களைக் கட்டுப்படுத்தச் சட்டம் கொண்டுவந்தது; நாடகத்தின் எழுத்துப்படியைக் கேட்க அது வழிவகுத்தது. அன்றன்றைய செய்தியை வசனத்தில் சேர்த்துப் பேசும் நடிகரிடம் எழுத்துப்படியைக் கேட்பது அவர் வாயைக் கட்டுவதற்குச் சமம். எழுத்தாளர் ஞாநி தொடுத்த வழக்கில் அச்சட்டத்தின் முக்கியப் பிரிவுகள் செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது 2013இல்தான். அமெரிக்காவிலும் நகைச்சுவைக் கலைஞர் லென்னி புரூஸ் மேடையில் ஆபாசமாகப் பேசினார் என்று 1964இல் தண்டிக்கப்பட்டார். அவர் இறந்து பல ஆண்டுகள் கழித்து, 2003இல் மன்னிப்பு வழங்கினார்கள். அவரைப் பற்றி பாப் ஃபாஸி 1974இல் எடுத்த ‘லென்னி’ படம், மேடைப் பேச்சையும் நீதிமன்றத்தையும் விரிவாகக் காட்டியது. நமக்கும் அப்படி ஒரு படம் வேண்டும்.

துப்பாக்கியை ஒதுக்கினால் படம் துதிபாடல் ஆகிவிடாதா என்று கேட்கலாம். ஒதுக்கச் சொல்லவில்லை. அது குற்றம்; அதற்காக அவர் சிறை சென்றார்; படம் அதை மழுப்பாமல் காட்டட்டும். ஆனால் அதையே உச்சக்காட்சியாக்கினால், கூர்மையாகப் பேசுபவன் கடைசியில் சுடத்தான் செய்வான் என்ற பொய் பார்ப்பவர் மனத்தில் பதிந்துவிடும். சட்டம் வந்தது துப்பாக்கி வெடிப்பதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கும் முன்பே. அன்று அரசு அஞ்சியது கொட்டகையில் எழுந்த சிரிப்புக்குத்தான். பக்தர்களின் மனம் புண்பட்டது உண்மை. அவர்கள் தரப்புக்கும் படத்தில் நேர்மையான இடம் வேண்டும். கண்டிக்கவும், புறக்கணிக்கவும், எதிர்நாடகம் போடவும் அவர்களுக்கு உரிமை உண்டு. காவல்துறையை வைத்து மேடையை மூடும் உரிமை யாருக்கும் இல்லை. 2021இல் இந்தூரில் நகைச்சுவைக் கலைஞர் முனவர் ஃபாரூக்கி மத உணர்வைப் புண்படுத்தியதாகக் கைதாகி, உச்ச நீதிமன்றம் போய்த்தான் இடைக்காலப் பிணை பெற முடிந்தது. ராதாவின் 1954 இன்னும் முடியவில்லை. அந்தப் படம் இப்போதே தேவைப்படுவது அதனால்தான்.