பூனைக்கு யார் நகம் வெட்டுவது?

போன தீபாவளிக்கு இருபது நாள் இருக்கும்போது எங்கள் வீட்டில் ஒரு பஞ்சாயத்து நடந்தது. வாதி என் சம்சாரம். பிரதிவாதிகள் நான்கு பூனைகள். தீர்ப்புச் சொல்ல வேண்டியவன் நான்.

புதியம்புத்தூரைப் பற்றித் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. ரெடிமேட் துணிதான் எங்கள் ஊர்ப் பிழைப்பு. தெருவில் நடந்தால் வீட்டுக்கு வீடு தையல் மெஷின் சத்தம் கேட்கும். நான் மின்வாரியத்தில் கம்பம் ஏறி ஓய்வு பெற்றவன். என் சம்சாரத்துக்கும் மருமகளுக்கும் அந்த ஓய்வு இன்னும் வரவில்லை. வெட்டிய துணியைப் பண்டலாக வாங்கி வந்து வீட்டிலேயே தைத்துக் கொடுக்கிறார்கள். பீசுக்கு இவ்வளவு என்று கூலி. துணி கெட்டால் நம் பொறுப்பு.

அன்று காலையில் பெண்பிள்ளைகள் கவுனுக்கான பண்டல் ஒன்றைப் பிரித்தால், மேலே இருந்த பதினான்கு பீசில் நூல் இழுத்திருந்தது. பூனை நகம்தான். சந்தேகமே இல்லை.

"இந்தா பாருங்க, சாயங்காலத்துக்குள்ள இதுகளைச் சாக்குல கட்டி ஓட்டப்பிடாரம் பக்கம் காட்டுல விட்டுட்டு வாங்க. இல்லைன்னா மெஷினைத் தூக்கி வெளிய போட்டுருதேன்" என்றாள்.

மருமகள் தயங்கித் தயங்கி, "மாமா, பூனை போனா எலி வருமே" என்றாள். அதுவும் நியாயம்தான். பூனை வளர்க்க ஆரம்பித்ததே எலியால்தான். அறுவடை முடிந்து கரிசல் காடு வெறிச்சோடினால் எலி வீட்டுக்குள் வந்துவிடும். பூனை நூலை இழுத்தால் நாலு பீஸ் போகும். எலி ஒரு ராத்திரி பண்டலுக்குள் புகுந்தால் அடி வரைக்கும் ஓட்டைதான். கருப்பி என்ற தாய்ப்பூனையை அப்படித்தான் பதினோரு வருஷத்துக்கு முன்னால் கொண்டு வந்தோம். செவலை, வெள்ளையன், பொட்டு மூன்றும் அதன் பிள்ளைகள். அதற்குப் பிறகு கால்நடை மருத்துவரிடம் காட்டிக் கருத்தடை செய்துவிட்டதால் கணக்கு நான்கோடு நின்றது.

முன்னங்காலுக்கு ஐந்து, பின்னங்காலுக்கு நான்கு. ஒரு பூனைக்கு 18 நகம். நான்கு பூனைக்கு 72. இந்த 72 நகத்தையும் என்ன செய்வது என்பதுதான் வழக்கு.

அமெரிக்காவில் இருக்கும் என் மைத்துனர் மகனிடம் போனில் சொன்னேன். "மாமா, அங்க டாக்டர் யாராவது நகத்தையே எடுத்துவிடுவாங்களான்னு கேளுங்க. இங்க ரொம்ப நாளா பண்ணிட்டு இருந்தாங்க" என்றான். மருத்துவரிடம் கேட்டேன். அவர் என் விரலைப் பிடித்து நுனிக் கணுவைத் தொட்டுக் காட்டி, "நகம் மட்டும் வராது அண்ணாச்சி. இந்த எலும்போட சேர்த்து வெட்டணும். உங்களுக்குப் பத்து விரலையும் இந்த இடத்துல வெட்டினா எப்படி இருக்கும்?" என்றார். பிரிட்டனில் இதற்குத் தடை. அமெரிக்காவிலேயே நியூயார்க் மாநிலம் 2019-இல் தடை செய்துவிட்டது. நம் நாட்டு மிருகவதைத் தடுப்புச் சட்டம் 1960-லேயே வந்தது. விலங்கின் உறுப்பைச் சிதைப்பதும் குற்றம், பசி தாகத்தில் தவிக்கும்படி கைவிட்டுவிட்டு வருவதும் குற்றம் என்கிறது. சாக்கில் கட்டிக் கொண்டுபோய் விடுவது நம் ஊர்களில் சர்வசாதாரணம். அது சட்டப்படி குற்றம் என்று எத்தனை பேருக்குத் தெரியும்?

நான் முப்பது வருஷம் கம்பம் ஏறியவன். இடுப்புக் கயிறு இல்லாமல் ஏறு என்று ஒருவன் சொல்லியிருந்தால் அவனை என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியும். தெருநாய் துரத்தும்போது வேப்பமரத்தில் ஏற பூனைக்கு அந்த நகம்தான் கயிறு.

பூனை ஏன் பிறாண்டுகிறது என்பதையும் மருத்துவர்தான் விளக்கினார். நகத்தின் மேல் பழைய ஓடு ஒன்று இருக்கும். பிறாண்டினால் அது கழன்று, உள்ளே புது நகம் கூராக வரும். தூங்கி எழுந்ததும் உடம்பை முறித்துக்கொள்ளவும் பிறாண்டும். பாதத்தில் வாசனைச் சுரப்பி இருப்பதால், "இது என் இடம்" என்று எழுதி வைப்பதும் அதுவேதான். நான்கு பூனை உள்ள வீட்டில் நான்கும் எழுதும். அடித்தாலும் திட்டினாலும் நிற்காது. நாம் இல்லாதபோது எழுதும், அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து பார்த்தேன். சாக்கு சுற்றிய பண்டல்களை அடுப்படி வாசல் ஓரம், பூனைகள் படுக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே அடுக்கியிருந்தோம். உயரம், சொரசொரப்பு, ஆடாத கனம், மூன்றும் அதில் இருந்தது. பூனைக்கு அதைவிட நல்ல இடம் எங்கே கிடைக்கும்? தப்பு எங்கள் மேல்தான்.

பண்டலை உள் அறைக்கு மாற்றிக் கதவை அடைத்தோம். பழைய ஓட்டு வீட்டைப் பிரித்தபோது மிச்சமான சட்டம் ஒன்றை மூன்றடிக்கு அறுத்து, கனமான பலகையில் ஆடாமல் அடித்து நிறுத்தி, தேங்காய்நார்க் கயிற்றை நெருக்கமாகச் சுற்றினேன். பண்டல் இருந்த அதே இடத்தில் வைத்தேன். இடத்தை மாற்றினால் பலிக்காது. அவற்றின் வாசனை படிந்த பழைய சாக்குத் துண்டையும் கயிற்றின் மேல் கட்டினேன். இரண்டு நாள் ஒன்றும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் கொல்லையில் கிடந்த குப்பைமேனியைப் பிடுங்கி, வேரை நசுக்கிக் கயிற்றில் தேய்த்தேன். அந்த வேர் வாசனைக்குப் பூனை கிறங்கும். அதனால்தான் அதற்குப் பூனைமயக்கி என்றும் பேர். செவலை வந்து தூணைக் கட்டிப் பிடித்துக்கொண்டது. மற்றதெல்லாம் பின்னால் வந்தன. பொட்டுவுக்கு மட்டும் நின்று பிறாண்டப் பிடிக்கவில்லை. அதற்குப் பலகையில் சாக்கு அடித்துத் தரையில் போட்டோம். இப்போது தூண் மூன்று, பலகை ஒன்று. பல பூனை இருந்தால் ஒரு தூண் போதாது. பெரியது சின்னதை விரட்டிவிடும்.

இனி நகம் வெட்டுவது. வெளியே திரியும் மூன்றுக்கும் நான் நகத்தைத் தொடுவதில்லை. கருப்பிக்கு மட்டும் வெட்டுகிறேன். அதற்கு ஒரு காரணம் உண்டு.

இந்த அமர்க்களத்தில்தான் கருப்பி நொண்டுவதைக் கவனித்தேன். வேலிக்கருவேல் முள் என்று நினைத்து மருத்துவரிடம் தூக்கிப் போனால், அவர் பாதத்தைத் திருப்பிக் காட்டினார். கட்டைவிரல் நகம் வட்டமாக வளைந்து சதைக்குள்ளேயே இறங்கியிருந்தது. வயசான பூனை அதிகம் பிறாண்டாது. பழைய ஓடு கழலாமல் நகம் தடித்து வளரும். எத்தனை நாள் அந்த வலியோடு நடந்ததோ. பதினாலு பீசைக் கண்ட எங்கள் கண்ணுக்கு இது தெரியவில்லை. குனிந்து காலில் நகம் வெட்ட முடியாத வயசில் இருக்கும் நமக்கு அந்தக் கஷ்டம் தெரிய வேண்டாமா?

இப்போது மூன்று வாரத்துக்கு ஒரு தடவை, கருப்பி அரைத் தூக்கத்தில் இருக்கும்போது மடியில் போட்டுக்கொள்வேன். பாதத்தை மெல்ல அழுத்தினால் நகம் வெளியே வரும். வெளிச்சத்தில் பார்த்தால் உள்ளே ரோஸ் நிறமாகத் தெரிவது ரத்தக்குழாய். அதை விட்டுவிட்டு வெள்ளை நுனியை மட்டும் வெட்ட வேண்டும். பூனைக்கென்று விற்கும் நகவெட்டி வாங்கிக்கொள்வது நல்லது. ஒரே நாளில் எல்லா நகத்தையும் வெட்ட வேண்டாம். முறைத்தால் இரண்டோடு விட்டுவிட வேண்டும்.

பேரன் பேத்தி வந்து போகும் வீடுகளுக்கு ஒன்று. பூனை கீறினால் மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதையும் வைக்காதீர்கள். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவி, நேராக அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வெறிநோய் நாய்க்கு மட்டும் வருவதில்லை. தடுப்பூசி தேவையா என்று அவர்கள் சொல்லட்டும். பூனைக்கும் வருஷந்தோறும் அந்த ஊசியைப் போட்டுவிடுங்கள்.

என் தீர்ப்பு இதுதான். நகம் உள்ள பிராணியை வீட்டில் வைத்துக்கொண்டவர்கள் அந்த நகத்துக்கும் ஓர் இடம் கொடுக்க வேண்டும். அதற்கு ஒரு துண்டுச் சட்டமும் கொஞ்சம் கயிறும் போதும். சாக்கு வேண்டாம்.

பதினான்கு பீசில் ஒன்பதில் இழுத்த நூலை ஊசியால் உள்பக்கம் வாங்கிச் சரி செய்துவிட்டாள் என் சம்சாரம். மீதி ஐந்துக்குக் கைக்காசு கொடுத்தோம். தீபாவளியன்று காலையில் பார்த்தால், புதுச் சேலை கட்டிய அவள் மடியில் கருப்பி.

"நகம் சேலையில மாட்டப் போகுது" என்றேன்.

"அதான் நீங்க வெட்டியாச்சுல்ல" என்றாள்.