ஆறிய பிறகும் இழுக்கும்

ஞாயிறு மாலை தேக்கா காப்பிக் கடை. குரலை வைத்தே என்னைக் கண்டுபிடித்தார் அந்தத் தம்பி. புதுக்கோட்டைக்காரர். துவாஸ் கப்பல் பட்டறையில் வெல்டர். காலையில் வேலைக்குப் போகும் பேருந்தில் என் நிகழ்ச்சிதானாம்.

"பத்த வச்சதும் வேலை முடிஞ்சுதா?" என்றேன்.

"எங்கக்கா முடியுது? ஆறுன பிறகும் உள்ளுக்குள்ள இழுத்துக்கிட்டே கிடக்கும். கனமான தகடுன்னா ரெண்டு நாள் கழிச்சுத்தான் விரிசல் பார்ப்பாங்க."

ஊடகம் படித்தவளுக்கு இது புதுசு. வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். சுமார் 1,500 டிகிரியில் உருகிய எஃகு ஆறும்போது சுருங்கப் பார்க்கும்; பக்கத்துத் தகடு விடாது. அந்த இழுபறி உள்ளேயே தங்கிவிடும். எஞ்சிய தகைவு என்கிறார்கள். எஃகில் கரிமம் கூடினால் வெல்டிங் ஓரம் கெட்டிப்பட்டு நொறுங்கும் குணம் வரும். ஈர ராடிலிருந்து ஹைட்ரஜனும் சேர்ந்தால், மறுநாள்கூட விரிசல் விடலாம். ராடை அடுப்பில் வைப்பதும் தகட்டை முன்கூட்டியே சூடாக்குவதும் அதற்காகத்தான்.

1980 மார்ச் 27 அன்று வடகடலில் 'அலெக்சாண்டர் கீலாந்து' மேடை கவிழ்ந்தது. இருந்த 212 பேரில் 123 பேர் மாண்டார்கள். தொடக்கம், கடலடி ஒலி கேட்கும் ஒரு கருவியின் தாங்கியில் போட்ட 6 மில்லிமீட்டர் வெல்டிங். (ஒலியே பிழைப்பாக உள்ள எனக்கு அந்த வரி உறுத்தியது.) தாங்கியின் எஃகு இழுப்பில் ஏடு ஏடாகப் பிளந்திருந்தது, கந்தகம் மிகுந்த எஃகு இப்படிப் பிளக்கும். விரிசலுக்குள் பெயிண்ட் இருந்தது. அதாவது, மேடை கடலுக்குப் போகும் முன்பே விரிசல் இருந்திருக்கிறது!

ஆறும் வழியில் எஃகின் உள்ளமைப்பு மாறி ஒருமுறை சற்று விரியும். சாதாரண எஃகில் அது நல்ல சூட்டிலேயே முடிந்துவிடும், மிச்சமெல்லாம் சுருக்கம். ஜப்பானில் குரோமியம், நிக்கல் இரண்டையும் சுமார் 10 விழுக்காடு சேர்த்து ராடு செய்து பார்த்தார்கள். விரிவு 200 டிகிரி அளவுக்குத் தள்ளிப்போய், கடைசிச் சுருக்கத்தை ஈடுகட்டியது.

அடுத்த ஞாயிறு பெருமையாகச் சொன்னேன். சிரித்தார்.

"நிக்கல் விலைக்கு முதலாளி ஒத்துக்கணுமேக்கா! முன்ன வேலை பார்த்த எடத்துல, தகடு சூடேற நிக்கிற நேரத்துக்கே சூப்பர்வைசர் திட்டுவாரு."

"நீங்க என்ன செஞ்சீங்க?"

"திட்டட்டும்னு நின்னேன்."

விடுதிக்குப் போகும் பேருந்து வந்துவிட்டது.